மெஸ்ஸே என்றால் என்ன? லெபனான் உணவகத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

லெபனான் உணவகத்தில் மெனு கார்டைத் திறந்ததும் கொஞ்சம் தலை சுற்றும். குளிர்ந்த மெஸ்ஸே ஒரு பக்கம் முழுக்க, சூடான மெஸ்ஸே இன்னொரு பக்கம், அப்புறம் சாலட், கரி அடுப்பில் சுட்டவை, இனிப்பு. பெயர்கள் எல்லாம் அரபு. பழக்கமில்லாதவர்கள் இதில் தடுமாறி ஆளுக்கொரு கபாப் தட்டும், நடுவில் பேருக்கு ஒரு ஹம்முஸும் சொல்லிவிடுவார்கள். வயிறு நிறையும். ஆனால் எதைச் சாப்பிட அங்கே போக வேண்டுமோ அது மேசைக்கு வந்தே இருக்காது.

வந்திருக்க வேண்டியது மெஸ்ஸே. சின்னச் சின்னத் தட்டுகளில் பல பதார்த்தங்களை நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவதுதான் அது. துருக்கி, கிரேக்கம், சிரியா, பாலஸ்தீனம் என்று கிழக்கு மத்தியதரைக் கடலைச் சுற்றி எங்கே போனாலும் இதன் ஏதோ ஒரு வடிவம் கிடைக்கும். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இந்தக் கரை முழுவதும் ஒட்டோமான் ஆட்சியில் இருந்ததில் சமையலும் கலந்துபோனது. லெபனானில் இது பசியைத் தூண்டும் முன்னோட்டமாக நின்றுவிடவில்லை. இரண்டு மூன்று மணி நேரம் நீளும் முழுச் சாப்பாடாகவே வளர்ந்துவிட்டது. பெக்கா பள்ளத்தாக்கில் உள்ள ஸாஹ்லே ஊர் இதற்குப் பேர்போனது. பெர்தவ்னி ஆற்றங்கரையில் வரிசையாக உணவகங்கள். 2013 இல் யுனெஸ்கோ அந்த ஊரை உணவுக் கலைக்கான படைப்பு நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

நம் பந்தியில் எத்தனை வகை பரிமாறினாலும் ஒவ்வொருவருக்கும் தனி இலை உண்டு. லெபனான் சாப்பாட்டில் இலை ஒன்றுதான், அது மேசை. "எனக்கு இது" என்று தனியாகச் சொல்ல அதில் இடம் கிடையாது. கடைசியில் வரும் சுட்ட இறைச்சியும் நடுவில்தான் வந்து உட்காரும். இதைப் பிடித்துக்கொண்டால் மெனு கார்டின் பாதிக் குழப்பம் தீர்ந்தது. அதனால் இரண்டு பேராகப் போவதைவிட நான்கைந்து பேராகப் போவது எப்போதுமே லாபம்.

வரும் வரிசை

உட்கார்ந்ததும், கேட்காமலே சில வந்து சேரும்: ரொட்டி, ஆலிவ், ஊறுகாயாகப் போட்ட டர்னிப், நறுக்காத வெள்ளரி, தக்காளி, புதினா, பச்சை வெங்காயத் தாள். பழைய பாணி உணவகங்களில் ஒரு முழு லெட்டூஸைக் கூட அப்படியே கொண்டுவந்து வைப்பார்கள். அலங்காரம் என்று நினைத்து ஒதுக்க வேண்டாம், கிள்ளித் தின்னத்தான் வைக்கிறார்கள். பின்னால் வரும் எண்ணெய்க்கும் பூண்டுக்கும் இடையில் வாயைச் சுத்தம் செய்வது இந்தப் பச்சைக் காய்கள்தான்.

அடுத்து குளிர்ந்த தட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும். அவை பாதி காலியானதும் சூடானவை, பிறகு கரியில் சுட்டவை, பிறகு பழமும் இனிப்பும், கடைசியில் காபி. புதுத் தட்டு வரும்போது பழைய தட்டை எடுத்துவிட மாட்டார்கள். கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணுவார்கள், இடமே இல்லையென்றால் இரண்டு தட்டுகளின் விளிம்பில் மூன்றாவதை ஏற்றி வைப்பார்கள். பரிமாறுபவர் ஹம்முஸ் தட்டைத் தூக்கப் போனால் தயங்காமல் தடுக்கலாம். கரி இறைச்சிக்கும் அது வேண்டும்.

சாப்பிடும் கருவி ரொட்டி. காற்று நிறைந்து உப்பி வரும் மெல்லிய ரொட்டியில் ஒரு துண்டு கிள்ளி, இரு விரலால் மடித்து, தட்டின் ஓரத்திலிருந்து வழித்து எடுப்பது முறை. கையால் சாப்பிட்டுப் பழகியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடித்த துண்டைத் திரும்பத் தட்டில் தோய்க்காதீர்கள், அது மட்டும்தான் விதி. ஒன்று கவனியுங்கள்: ரொட்டி சூடாக வரும், சும்மா கொடுப்பார்கள், கேட்கக் கேட்கக் கொண்டுவருவார்கள். முதல் பதினைந்து நிமிடத்தில் ரொட்டியாலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

தெரிந்துகொள்ள வேண்டிய சில தட்டுகள்

ஹம்முஸ் எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே அதைச் சரியாகப் பார்ப்பதில்லை. வேகவைத்த கொண்டைக்கடலை, எள் விழுதான தஹினி, எலுமிச்சை, பூண்டு, உப்பு. அவ்வளவுதான் சாமான். வித்தியாசம் செய்முறையில் இருக்கிறது. கடலையை விரலால் அழுத்தினால் கரையும் வரை வேகவைக்க வேண்டும். தஹினியில் கஞ்சத்தனம் கூடாது. நல்ல ஹம்முஸ் தட்டையான தட்டில், கரண்டியின் முதுகால் சுழற்றி, விளிம்பு உயர்ந்தும் நடு பள்ளமாகவும் வரும். பள்ளத்தில் ஆலிவ் எண்ணெய் நிற்கும். மேற்பரப்பு காய்ந்து, மெல்லிய ஆடை படர்ந்து, குளிர்சாதனப் பெட்டியின் சில்லிப்போடு வந்தால் காலையிலேயே தட்டில் போட்டு வைத்துவிட்டார்கள் என்று பொருள். மற்றவற்றையும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

இந்த ஒரு தட்டுக்காக லெபனானும் இஸ்ரேலும் கின்னஸில் மோதிக்கொண்டதும் உண்டு. 2010 இன் தொடக்கத்தில் இஸ்ரேலின் அபு கோஷ் ஊர்க்காரர்கள் நான்கு டன் அளவில் ஹம்முஸ் செய்து சாதனையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் லெபனான் 10,452 கிலோ செய்து திருப்பிப் பிடித்தது. அந்த எண் ஏன் என்றால், லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர்.

தப்பூலே வெளிநாடுகளில் ரொம்பவே கெட்டுப்போன பதார்த்தம். ஐரோப்பாவின் சூப்பர் மார்க்கெட்டுகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் தானிய சாலட். லெபனானில் அது கீரை சாலட். தட்டை இலைப் பார்ஸ்லிதான் முக்கால் பங்கு. அதோடு புதினா, தக்காளி, வெங்காயம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். புர்குல் என்கிற, வேகவைத்து உலர்த்தி உடைத்த கோதுமை, கைப்பிடி அளவுதான். அதைத் தனியாகத் தண்ணீரில் ஊறப்போடாமல் தக்காளிச் சாற்றிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறவிடுவது கைப்பக்குவம் உள்ளவர்கள் வழக்கம். பார்ஸ்லியைக் கழுவி, ஈரம் போக முழுக்க உலர்த்தி, கூரான கத்தியால் ஒரே தடவை சீவ வேண்டும். கொத்திக்கொண்டே இருந்தால் இலை கசங்கிச் சாறு விடும், தட்டு சொதசொதவென்று ஆகிவிடும். மிக்சியில் போட்டால் கேட்கவே வேண்டாம். தப்பூலே தட்டு பச்சையாக இருக்கிறதா, பழுப்பாக இருக்கிறதா என்று பார்த்தாலே அந்தச் சமையலறையைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். லெட்டூஸ் இலையிலோ முட்டைக்கோஸ் இலையிலோ அள்ளி அப்படியே வாயில் போடுவார்கள்.

இன்னொரு சாலட் ஃபத்தூஷ். காய்களோடு வறுத்த ரொட்டித் துண்டுகள், மேலே சுமாக் என்கிற புளிப்பான சிவப்புப் பொடி, பல இடங்களில் மாதுளைச் சாற்றுப் பாகும் சேரும். ரொட்டி நமத்துப் போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

கத்தரிக்காயில் இரண்டு உண்டு. பல ஊர்களில் பெயரை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். சுட்ட கத்தரிக்காயை தஹினியோடு மசித்தால் லெபனானில் அது மொத்தபல். அதே சுட்ட கத்தரிக்காயோடு தக்காளி, வெங்காயம், பார்ஸ்லி, மாதுளைப் பாகு எல்லாம் கலந்தால் பாபா கனூஜ். எது என்று கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். எதுவானாலும் நெருப்பில் தோல் கருகச் சுட்ட புகை வாசனை இருக்க வேண்டும்.

தயிரை வடிகட்டிக் கெட்டியாக்கினால் லப்னே. கொண்டைக்கடலையும் ஃபாவா பீன்ஸும் அரைத்துப் பொரித்தால் ஃபலாஃபெல். சூடான வரிசையில் கீரை வைத்த ஃபத்தாயர், சீஸ் வைத்துச் சுருட்டிய ரகாகாத், இறைச்சி வைத்த சம்பூசெக் எல்லாம் வரும். சுஜுக் என்கிற காரமான சாசேஜ் ஆர்மீனியர்கள் கொண்டுவந்தது. பெய்ரூட்டை ஒட்டிய புர்ஜ் ஹம்மூத் அவர்களுடைய பகுதி. நம் நாக்குக்குச் சட்டென்று பிடிப்பது பதாத்தா ஹர்ரா: வறுத்த உருளைக்கிழங்கில் பூண்டு, கொத்தமல்லி, மிளகாய். மற்றபடி லெபனான் சமையலில் காரம் குறைவு. பட்டையும் ஆல்ஸ்பைஸும் வாசனைக்கு. புளிப்புக்கு எலுமிச்சை, சுமாக், மாதுளை. காரம் இல்லையே என்று முதல் தட்டிலேயே மிளகாய் சாஸ் கேட்டுவிட்டால் இந்தப் புளிப்புகளுக்குள் உள்ள வித்தியாசம் நாக்குக்கு எட்டாமலே போய்விடும். ஒரு வேளை பொறுத்துக்கொள்ளலாம்.

கிப்பே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறைச்சியையும் புர்குலையும் சேர்த்து மசிய அரைப்பதுதான் அடிப்படை. இரு முனையும் கூம்பிய உருண்டையாக, உள்ளே வதக்கிய இறைச்சியும் பைன் கொட்டையும் வைத்துப் பொரித்தால் ஒரு வகை. தட்டில் பரப்பிச் சுட்டால் இன்னொன்று. வேகவைக்காமல், பொரிக்காமல், பச்சையாகவே பரிமாறினால் கிப்பே நய்யே. ஆமாம், பச்சை இறைச்சிதான். ஆலிவ் எண்ணெய் விட்டு, புதினாவும் வெங்காயமும் வைத்து, ரொட்டியில் எடுத்துச் சாப்பிடுவார்கள். லெபனானில் விருந்தில் இதற்கு உயர்ந்த இடம். அதனாலேயே அன்றைக்கு அறுத்த இறைச்சி, தெரிந்த கசாப்புக் கடைக்காரர் என்பதில் கறாராக இருப்பார்கள். கூட்டமும் நம்பிக்கையும் இல்லாத உணவகத்தில் இதை நான் சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் எங்கேயும் தொட வேண்டாம்.

ஷவர்மா எங்கே என்று கேட்கத் தோன்றும். அது தெருக்கடைச் சாப்பாடு, நின்றுகொண்டே தின்பது. மெஸ்ஸே மேசையில் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டு ஷவர்மாக் கடைகளில் பூண்டு வாசனையோடு தடவித் தரும் மயோனைஸின் இடத்தில் லெபனானில் இருப்பது தூம். பூண்டையும் உப்பையும் மசித்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எலுமிச்சை சேர்த்து அடித்துக்கொண்டே போனால் வெள்ளை வெளேரென்று நுரைத்து நிற்கும். மரபான செய்முறையில் முட்டை கிடையாது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தபோது, முட்டையே இல்லாத மூலச் சரக்கு ஒன்று இருக்கிறது என்று எனக்கு இந்தத் தூம்தான் ஞாபகத்துக்கு வந்தது. சில கடைகளில் சீக்கிரம் கெட்டியாக வெள்ளைக்கரு சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்வது நல்லது. மேசையில் இது கோழி கபாபான ஷிஷ் தவூக்கோடு வரும்.

சரி, "நவீன" என்பது என்ன?

மெனு கார்டில் இந்தச் சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை. ஒரு வகை, தேர்ந்தெடுக்கும் வேலையையே எடுத்துவிடுவது. மிரேய் ஹாயெக் 2011 இல் பெய்ரூட்டில் தொடங்கிய எம் ஷெரீஃப் இதற்கு நல்ல உதாரணம். தலைக்கு இவ்வளவு என்று ஒரு விலை. தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். உள்ளே வருவது பழைய வீட்டுச் சமையல்தான், மேசையும் விளக்கும் பரிமாறும் விதமும்தான் ஆடம்பரம். இப்போது வளைகுடா நகரங்களிலும் லண்டனிலும் கிளைகள் இருக்கின்றன.

இன்னொரு வகை இதற்கு நேர் எதிர்த் திசை. கமால் முஸாவாக் 2004 இல் பெய்ரூட்டில் ஸூக் எல் தாயெப் என்ற விவசாயிகள் சந்தையைத் தொடங்கினார். அதிலிருந்து 2009 இல் தவ்லெத் என்ற உணவகம் பிறந்தது. அங்கே நிரந்தரத் தலைமைச் சமையல்காரர் என்று ஒருவர் இல்லை. வெவ்வேறு கிராமத்திலிருந்து வரும் பெண்கள் முறைவைத்துத் தங்கள் ஊர்ச் சமையலைச் செய்வார்கள். ஹம்முஸையும் கபாபையும் தாண்டி லெபனானில் இவ்வளவு இருக்கிறதா என்று பெய்ரூட்காரர்களுக்கே காட்டிய இடம் அது. 2020 ஆகஸ்ட் 4 துறைமுக வெடிப்பில் அந்த உணவகம் சிதைந்தது. அவர்கள் உடனே பொதுச் சமையலறை ஒன்றை ஏற்படுத்தி, வெடிப்பில் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். உணவகத்தை அப்புறம் வேறு கட்டடத்தில் திறந்தார்கள். நவீனம் என்ற சொல்லுக்கு எனக்குப் பிடித்த பொருள் இதுதான்.

மூன்றாவது வகைதான் உலகெங்கும் அதிகம் கண்ணில் படுவது. பீட்ரூட் ஹம்முஸ், அவகாடோ ஹம்முஸ், கண்ணாடிக் கிண்ணத்தில் பிரித்துப் பிரித்து வைத்த ஃபத்தூஷ், தட்டுக்கு மூன்றே மூன்று கிப்பே. எனக்கு பீட்ரூட்டின் மேல் கோபம் இல்லை. ஆனால் அந்த மெனுவில் சாதாரண ஹம்முஸும் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்; அது சரியாக இருந்தால் மற்ற விளையாட்டுகளை நம்பலாம். இத்தகைய இடங்களில் இரண்டு விஷயம் கேட்டுவிடுவது நல்லது: ஒரு தட்டில் எத்தனை துண்டு வரும், தட்டுகள் ஒன்றாக வருமா தயாராகத் தயாராக வருமா. நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு மூன்று ரகாகாத் வந்தால் பகிர்ந்து சாப்பிடும் பேச்சே அடிபட்டுப் போகும். ஒவ்வொரு தட்டாகக் கால் மணி நேர இடைவெளியில் வந்தாலும் அது மெஸ்ஸே இல்லை. ஒன்றை எடுத்து இன்னொன்றோடு தொட்டுக்கொள்ள மேசையில் பல தட்டுகள் சேர்ந்து இருந்தாக வேண்டும்.

ஆர்டர் சொல்வது

புதியவர்கள் அதிகம் செய்வது, மெத்தென்றிருக்கும் தட்டுகளாகவே அடுக்குவது. ஹம்முஸ், மொத்தபல், லப்னே, முஹம்மரா (சிவப்பு மிளகாயும் வால்நட்டும் அரைத்த விழுது) என்று நான்கும் வந்துவிட்டால் மேசை முழுக்க விழுது. எல்லாம் ரொட்டியில் தொட்டுக்கொள்வது, கடிக்க எதுவும் இருக்காது. தஹினி சேர்ந்தது ஒன்று, தயிர் சேர்ந்தது ஒன்று, புளிப்பான பச்சை சாலட் ஒன்று, எண்ணெயில் சமைத்து ஆறவைத்த காய் ஒன்று, மொறுமொறுப்பாக ஒன்று, இறைச்சி ஒன்று என்று மனதில் வைத்துக்கொண்டால் கை தானாக நிதானப்படும். நான்கு பேருக்கு நான் சொல்வதானால்: ஹம்முஸ், லப்னே, தப்பூலே, ஹிந்த்பே (கசப்புக் கீரையை வதக்கி மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம் போட்டது), பதாத்தா ஹர்ரா, பொரித்த கிப்பே. பிறகு கலவையான கபாப் ஒரு தட்டு. அதை முதலிலேயே சொல்ல வேண்டாம். மெஸ்ஸே பாதி முடிந்ததும் பசி எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சொன்னால் போதும். எந்த நல்ல உணவகமும் இதற்கு முகம் சுளிக்காது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல இடம். லெபனான் கிறிஸ்தவர்களின் தவக்கால விரதத்தில் இறைச்சி மட்டுமல்ல, பால் பொருளையும் தவிர்க்கும் வழக்கம் உண்டு. அதனால் ஆலிவ் எண்ணெயிலேயே சமைத்த பதார்த்தங்கள் வண்டி வண்டியாக இருக்கின்றன. மெனுவில் பெயரோடு "பி ஸெய்த்" என்று வந்தால் அந்த வகை: பீன்ஸுக்கு லூபியே பி ஸெய்த். பருப்பும் அரிசியும் வறுத்த வெங்காயமும் சேர்ந்த முஜத்தரா இன்னொன்று. பூசணியில் செய்யும் கிப்பே கூட உண்டு. ஆனால் திராட்சை இலைச் சுருளைக் கேட்காமல் எடுக்காதீர்கள். ஆறவைத்துத் தருவது பெரும்பாலும் அரிசியும் தக்காளியும். சூடாகத் தருவதில் இறைச்சி இருக்கும். ஹம்முஸிலும் மேலே இறைச்சி தூவிய வகை இருக்கிறது. எள் ஒவ்வாமை உள்ளவர்கள் வாயில் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் விசாரித்தாக வேண்டும், தஹினி இல்லாத இடமே குறைவு.

குடிக்க, அப்புறம் முடிக்க

மெஸ்ஸேவின் பழைய துணை அரக். திராட்சையிலிருந்து வடித்து, சோம்பு வகையான அனிஸ் சேர்த்து மறுபடி வடித்த மது. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஒரு பங்கு அரக்குக்கு இரு பங்கு தண்ணீர் விட்டதும் பால்போல் வெளுக்கும். அனிஸ் எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது; தண்ணீர் கூடியதும் நுண்துளிகளாகப் பிரிந்து நிற்பதால் அந்த வெள்ளை. ஐஸ் கடைசியில்தான் போட வேண்டும், முந்தினால் மேலே ஆடை கட்டும். அடுத்த சுற்றுக்குப் புதுக் கிளாஸ் கொடுப்பதும் பழைய கிளாஸில் இந்த எண்ணெய் ஒட்டிக்கொள்வதால்தான். மது வேண்டாதவர்களுக்கு ஜல்லாப் இருக்கிறது, பன்னீர் மணக்கும் இனிப்புப் பானம், மேலே பைன் கொட்டை மிதக்கும். ஐரான் உப்புப் போட்ட மோர்தான்.

இனிப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அதற்குள் வயிற்றில் இடம் இருக்காது. லெபனான்காரர்களும் நல்ல இனிப்புக்கு இனிப்புக் கடைக்குத்தான் போவார்கள். பழத்தட்டு வந்தால் போதும். காபி சொல்லும்போது சர்க்கரை இல்லாமலா, அளவாகவா, தித்திப்பாகவா என்று முதலிலேயே சொல்ல வேண்டும், சர்க்கரையைச் சேர்த்தே கொதிக்க வைக்கிறார்கள். கோப்பையின் அடியில் மண்டி நிற்கும், கடைசி வாயைக் குடிக்காதீர்கள். தூக்கம் கெடும் என்று பயப்படுபவர்கள் வெள்ளைக் காபி கேட்கலாம். அதில் காபித்தூளே கிடையாது, வெந்நீரில் ஆரஞ்சுப் பூ நீர் விட்டுத் தருவார்கள்.

பில்லை யார் கொடுப்பது என்பதில் சண்டை நடக்கும், நிஜமாகவே பில்லைப் பிடுங்குவார்கள். கூப்பிட்டவர் கொடுப்பதுதான் வழக்கம். முந்திக்கொள்ள நினைப்பவர் காபி வரும்போதே கை கழுவப் போகிற சாக்கில் கல்லாவில் கட்டிவிட்டு வருவார். லெபனானுக்கே போய்ச் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். 2019 இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் அந்த நாட்டு நாணயமான லிரா படுத்துவிட்டது. பல உணவகங்களில் விலையே அமெரிக்க டாலரில்தான் இருக்கிறது, கார்டு எல்லா இடத்திலும் எடுபடுவதில்லை. சின்ன நோட்டுகளாக டாலர் கையில் இருக்கட்டும். கிழிந்ததோ கறை படிந்ததோ இருந்தால் வாங்க மறுப்பார்கள்.